பொங்கோல் பசப்பா விலங்குத் தோட்டம்: உண்மையில் எப்படி மூடினார்கள்?

செந்தூல்_வாசகி:

வணக்கம். பிரிக்பீல்ட்சில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக 20 நிமிடப் பேச்சு ஒன்று தயார் செய்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் சிங்கப்பூர் பொங்கோல் கடற்கரையில் பசப்பா குடும்பத்தார் நடத்திய விலங்குத் தோட்டம் பற்றியது. மலேசியத் தேசிய விலங்குத் தோட்டமான ஜூ நெகாரா 1963-ல் திறந்தது. அதற்கு 35 ஆண்டு முன்பே ஓர் இந்தியக் குடும்பம் சொந்தக் காசில் இப்படி ஒன்றை நடத்தியிருக்கிறது. இங்கே கோலாலம்பூரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை, அதனால்தான் இந்தத் தலைப்பு.

மூடிய கதைதான் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது. நட்டத்தில் மூடினார் என்கிறார் ஒருவர். விலங்குகளைச் சுட்டது ஜப்பான்காரன் என்கிறார் இன்னொருவர். பிரிட்டிஷ் படை 24 மணி நேரம் கெடு கொடுத்தது என்று ஒரு குறிப்பு. விலங்குகள் பின்னால் மண்டாயில் உள்ள இன்றைய சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்துக்குப் போயின என்று வேறொன்று. ஐன்ஸ்டைன் வந்து பார்த்ததாகவும் ஒரு பதிவு சுற்றுகிறது.

எதை மேடையில் சொல்லலாம்? சிங்கப்பூர் போகாமல் இங்கிருந்தே எதைச் சரிபார்க்க முடியும்? 24 மணி நேரம் உண்மை என்றால், பாதி விலங்குகளையாவது ஏன் அப்புறப்படுத்த முடியவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_தாள்:

சகோதரி, நல்ல தலைப்பு எடுத்திருக்கிறீர்கள். முதலில் ஆண்டுகளை நேராக்கிக்கொள்வோம். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

நடத்தியவர் வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா. 1893-ல் பிறந்து 1943-ல் இறந்தார். தந்தை ஹுன்மா சோமப்பா சிங்கப்பூரில் பெரும் நிலக்கிழார். சாங்கிப் பக்கம் சோமப்பா சாலை இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. மகனுக்கு நில வருமானம் இருந்தது, விலங்கு வாணிபமும் செய்தார். அன்றைய சிங்கப்பூர் உலக விலங்கு வாணிபத்துக்கே ஒரு பெரிய துறைமுகம். அமெரிக்க விலங்கு வணிகர் ஃபிராங்க் பக் காத்தோங்கில் கொட்டகை வைத்திருந்த காலம் அது. பிடித்த விலங்குகள் கப்பல் வரும்வரை தங்க இடம் வேண்டும். இந்தச் சூழல் தெரிந்தால்தான் ஒரு தனி மனிதரிடம் இத்தனை விலங்கு எப்படிச் சேர்ந்தது என்பது புரியும்.

பசப்பா முதலில் 1920-களில் சிராங்கூன் சாலையில் தம் வீட்டு வளாகத்திலேயே விலங்குகளை வைத்திருந்தார். ‘அப்பை’ என்ற வங்கப் புலியோடு அவர் நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீடுகள் நெருங்கிய இடம்; சத்தமும் நாற்றமும் அக்கம்பக்கத்தில் புகாராகின. 1928-ல் பொங்கோல் கடலோரத்தில் 27 ஏக்கர், அதாவது 11 ஹெக்டேர் இடத்துக்கு மாற்றினார். நல்ல நிலையில் இருந்தபோது ஏறக்குறைய 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் இருந்தன. 1942-ல் முடிந்தது. ஆக, பொங்கோல் வாழ்வு 14 ஆண்டுகள்தான்.

இனி ஐன்ஸ்டைன். அவர் சிங்கப்பூர் வழியாகப் போனது 1922 நவம்பரில். திரும்பியது 1923 ஜனவரியில். பொங்கோல் தோட்டமோ 1928-ல்தான் வந்தது. ‘ஐன்ஸ்டைன் பொங்கோலில் பார்த்தார்’ என்ற வரியை அப்படியே அடித்துவிடுங்கள். வேறு எந்தப் பெரிய பெயர் வந்தாலும் இதே சோதனைதான்: வந்த ஆண்டு 1928-க்கு முன்னா பின்னா என்று பாருங்கள்.

இங்கிருந்து தேட: சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ் தளம் வீட்டிலிருந்தே திறக்கும். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ 1845-லிருந்து இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு எழுத்துக்கூட்டை வைத்துத் தேடினால் பாதி கிடைக்காது. பொங்கோலை ஆங்கிலத்தில் இன்று ‘யு’ போட்டு எழுதுகிறார்கள். போருக்கு முன் ‘ஓ’ போட்டு எழுதினார்கள். பசப்பா பெயரின் கடைசி ‘பி’ சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் இரண்டு. சில செய்திகளில் பெயரே இருக்காது, ‘பொங்கோல் மிருகக்காட்சி’ என்று மட்டும் இருக்கும். இது போக, கணினி பழைய அச்சை வாசிக்கும்போது மை பரவிய எழுத்துகளைத் தப்பாக எடுத்துக்கொள்ளும். அதனால் முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடாதீர்கள். ஒரு சொல் மட்டும் கொடுங்கள், ஆண்டை 1928 முதல் 1942 வரை கட்டுங்கள், வருவதைக் கண்ணால் பாருங்கள். பதிவிறக்கும்போது நாள், பக்க எண் இரண்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். அப்புறம் தேடி எடுப்பது பெரும்பாடு.

தமிழில் பார்க்க வேண்டும் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம். ‘தமிழ் முரசு’ 1935-ல்தான் தொடங்கியது, ஆகவே 1928 திறப்புச் செய்தி அதில் இருக்க வழியில்லை. அந்தக் காலத்துக்கு நம் கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ உண்டு, 1924-ல் தொடங்கியது. துன் ரசாக் சாலை தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் எந்த ஆண்டு நுண்படச் சுருள் இருக்கிறது என்று முன்கூட்டியே அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பினாங்கு_கரை:

மண்டாய் கதை தவறு. மண்டாய் விலங்கியல் தோட்டம் 1973 ஜூன் 27-ல் அரசு முயற்சியில் திறந்தது. பசப்பா தோட்டம் முடிந்து 31 ஆண்டுக்குப் பிறகு. ஒரு விலங்குகூட பொங்கோலிலிருந்து மண்டாய்க்குப் போக வழியில்லை.

‘நட்டத்தில் மூடினார்’ என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1963-ல் பொங்கோலில் வேறொரு தனியார் விலங்குத் தோட்டம் வந்தது. அது சீனச் சகோதரர்கள் நடத்தியது, 1970-களில் மூடியது. ஒரே ஊர், ஒரே வகைத் தொழில். கேள்விப்பட்டவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். படம் எடுக்கும்போது கவனம்: வண்ணப் படமோ, 60-களின் உடையோ, அந்தக் காலத்துக் காடியோ தெரிந்தால் அது பசப்பாவுடையது அல்ல. பாசிர் பாஞ்சாங்கில் 1950-களில் இருந்த சின்னத் தோட்டத்தின் படங்களும் இதில் கலந்து வரும்.

கூண்டுச்சாவி:

கடைசிக் கேள்விக்கு நான் வருகிறேன். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ‘24 மணி நேரம் கொடுத்தார்கள், முடியவில்லை’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஏன் முடியாது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு புலியை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் வங்கப் புலி 200 கிலோ வரும். அதை ஏற்றப் பெட்டி வேண்டும்: தடித்த பலகை, உள்ளே தகரம், முன்னால் மேலே தூக்கும் கதவு, காற்றுத் துளை, அடியில் மூத்திரம் வடிய இடைவெளி. நீளம் 2 மீட்டருக்குக் குறையாமல். அகலம் முக்கியம்: புலி நிற்கவும் படுக்கவும் முடிய வேண்டும், திரும்ப முடியக் கூடாது. திரும்ப இடம் இருந்தால் பாதி திரும்பி மாட்டிக்கொண்டு முதுகை ஒடித்துக்கொள்ளும், அல்லது கதவையே தாக்கும். இந்தப் பெட்டி கைவசம் இல்லையென்றால் இரண்டு தச்சர்களுக்கு ஒரு நாள் வேலை, ஒரே ஒரு பெட்டிக்கு.

பெட்டி இருந்தாலும் புலி தானாக ஏறாது. முறையான வழி இதுதான்: கூண்டு வாயிலில் பெட்டியை இறுகக் கட்டி, இரு பக்கக் கதவையும் திறந்து விட்டு, இறைச்சியைப் பெட்டிக்குள் வைப்பது. முதல் நாள் தலையை மட்டும் நீட்டும். சில நாளில் உள்ளே நின்று தின்னும். பிறகுதான் கதவை இறக்கிப் பழக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் கோலால் தள்ளினால் அந்தப் பெட்டிப் பக்கமே பிறகு வராது.

மயக்க ஊசி போடலாமே என்று இன்று கேட்பார்கள். தூரத்திலிருந்து ஊசி எய்யும் துப்பாக்கி 1950-களில்தான் வந்தது. 1942-ல் கயிறு, வலை, நெருக்கும் தடுப்பு, அவ்வளவுதான்.

மான் வகைகளுக்கு இன்னொரு ஆபத்து. துரத்திப் பிடித்தால் அங்கேயே சாகாது. பயத்திலும் ஓட்டத்திலும் உடல் சூடேறி, தசை சிதைந்து, சிறுநீரகம் கெட்டு, மறுநாளோ மூன்றாம் நாளோ சாகும். லோரியில் உயிரோடு ஏற்றினோம் என்று நினைத்திருப்பார்கள், இறக்கும்போது பிணம்.

பறவைகள் 2,000. கூடைக்கு 20 என்று வைத்தாலே 100 கூடை. ஆனால் 20 வைக்கக்கூடியது சின்னப் பறவைகளைத்தான். காக்கட்டூ, பச்சைக்கிளி எல்லாம் அடுத்ததைக் கடித்துவிடும். தனித்தனியாக வைக்க வேண்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாய் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை விடும். நம் ஊர் மதிய வெயிலில் நெருக்கமாக அடுக்கிய கூடை நகராமல் நின்றால் நடுவில் இருப்பவை முதலில் சாகும். இருட்டில் பிடிப்பதுதான் நல்லது, அப்போது பறக்காது. 24 மணி நேரத்தில் இரவு ஒன்றுதான் வரும்.

இப்போது எடை. புலியும் பெட்டியும் சேர்ந்து 350 முதல் 400 கிலோ. எட்டு ஆளாவது வேண்டும், அல்லது சங்கிலிக் கப்பி. லோரி வேண்டும், எண்ணெய் வேண்டும். போர் வாசலில் நிற்கும்போது இரண்டும் முதலில் படைக்குத்தான்.

இதையெல்லாம் செய்து முடித்தாலும் எங்கே கொண்டுபோவது? கோலாலம்பூர் 1942 ஜனவரி 11-லேயே வீழ்ந்துவிட்டது. தீவைத் தீபகற்பத்தோடு இணைத்த ஜொகூர் பாலத்தை ஜனவரி 31-ல் தகர்த்தார்கள். தீவுக்குள் வேறு எங்காவது புலிக்கூண்டு வரிசை காலியாக இருந்ததாகத் தெரியவில்லை. போய்ச் சேர இடமில்லாத ஊர்தியில் ஏற்றி என்ன பயன்?

24 மணி நேரம் என்பது ஒரு கெடுவே அல்ல. அந்த மனிதரிடம் ‘விட்டுவிடு’ என்று சொன்னதுதான் அது.

பழைய_தாள்:

கூண்டுச்சாவி அண்ணே எழுதியதை அப்படியே மேடையில் வாசிக்கலாம். நான் படைப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

விலங்குகளைச் சுட்டது ஜப்பானியர் அல்லர். வடக்குக் கரையில் அரண் அமைக்கத் தோட்டத்தின் இடத்தைக் கேட்டது பிரிட்டிஷ் படை; கெடு வைத்ததும் அதுவே. கெடு முடிந்ததும் ஆபத்தான விலங்குகளைச் சுட்டார்கள், பறவைகளைத் திறந்துவிட்டார்கள். பிறகு வந்த ஜப்பானியர் அந்த இடத்தைத் தளவாடக் கிடங்காக்கினார்கள். கூண்டுக் கம்பிகளும் மின் ஜெனரேட்டரும் போனது அப்போதுதான். இன்று அந்த மண்ணில் தோட்டத்தின் அடையாளம் எதுவும் எஞ்சாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிட்டிஷ் படைத் தலைவர் பர்சிவல், தாக்குதல் வடகிழக்கிலிருந்து வரும் என்று கணித்தார். புதிதாக வந்த 18-ஆம் டிவிஷனை அந்தப் பக்கம் நிறுத்தினார். பொங்கோல் அந்த வடகிழக்கில்தான் இருக்கிறது. ஜப்பானியர் பிப்ரவரி 8 இரவு இறங்கியது வடமேற்கில், சரிம்பூன் கரையில். 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. எந்தக் கரைக்காக அந்த விலங்குகள் சுடப்பட்டனவோ, அங்கே முதல் தாக்குதல் வரவே இல்லை. பசப்பா அடுத்த ஆண்டே, 50 வயதில் இறந்தார். மனமுடைந்து போனதாகக் குறிப்புகள் சொல்கின்றன, அதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

நேரம் இருந்தால் இதையும் சேருங்கள், சபை மறக்காது. வீழ்ந்த சிங்கப்பூருக்கு ஜப்பானியர் வைத்த மேயர் ஒடாச்சி ஷிகியோ. 1943-ல் அவர் தோக்கியோ ஆளுநராகத் திரும்பினார். அந்த ஆகஸ்டில், குண்டுவீச்சில் விலங்குகள் தப்பி ஓடிவிடும் என்று சொல்லி, ஊவேனோ விலங்குத் தோட்டத்தின் பெரிய விலங்குகளைக் கொல்ல உத்தரவிட்டவர் அவரே. அங்கிருந்த மூன்று யானைகள் பட்டினியால் செத்தன. லண்டனிலும் 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதுமே விஷப் பாம்புகளைக் கொன்றார்கள். பொங்கோலில் நடந்தது ஒரு படை அதிகாரியின் தனிக் கொடுமை மட்டுமல்ல, அந்தப் போரில் இரு தரப்பும் எடுத்த வழி.

ஒரு எச்சரிக்கை. போர்த் தணிக்கை இருந்த நாட்களில், படை எந்த இடத்தை எடுத்தது என்று நாளிதழ் அச்சிடாது. பிப்ரவரி 15-க்குப் பிறகு பழைய நாளிதழே இல்லை, ஜப்பானியர் நடத்திய ‘ஷியோனான் டைம்ஸ்’தான். எனவே கெடு பற்றிய செய்தியை அந்த வார நாளிதழில் தேடி, கிடைக்கவில்லை என்பதால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். ‘பின்னாளில் எழுதப்பட்ட குறிப்புகளின்படி 24 மணி நேரம்’ என்று சொல்லுங்கள், அது நேர்மையான வாசகம்.

செந்தூல்_வாசகி:

இரண்டு அண்ணன்மாருக்கும் பினாங்குக்காரருக்கும் நன்றி. பேச்சின் நடுப்பகுதியே மாறிவிட்டது. இன்னும் மூன்று: பழைய வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்ட முடியுமா? இவ்வளவு விலங்குக்கு ஒரு நாள் தீனி என்ன ஆகியிருக்கும்? இன்று இங்கே ஒரு குடும்பம் இப்படி வைத்துக்கொள்ளச் சட்டம் விடுமா? மூன்றாவது கட்டாயம் யாராவது கேட்பார்கள்.

பழைய_தாள்:

வரைபடம்: அந்தக் காலத்து ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடத்தை எடுக்காதீர்கள். 640 ஏக்கர் ஒரு சதுர மைல். 27 ஏக்கர் அதில் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர்தான் வரும், திரையில் ஒரு புள்ளி. அதைவிடப் பெரிய அளவுக் காகிதம் தேடுங்கள். முகவரிகள் அன்று கட்டைக் கணக்கில், அதாவது மைல் கல் கணக்கில் இருக்கும், வீட்டு எண்ணில் அல்ல. கட்டைகள் நகரத்திலிருந்து எண்ணப்பட்டவை, பொங்கோல் சாலை தொடங்கும் இடத்திலிருந்து அல்ல. இதில் பலர் வழுக்குவார்கள். சாலை கடலைத் தொடும் முனையை அடையாளமாக வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள்.

அந்த முனையில் இப்போது ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அது தோட்டத்துக்கானது அல்ல. 1942 பிப்ரவரி 28-ல் அந்தக் கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட சீனர்களுக்கானது. படம் போட்டால் அதை எதற்கான கல் என்று சரியாகச் சொல்லிப் போடுங்கள். தோட்டத்தின் கல் என்று போட்டுவிட்டால் செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

கூண்டுச்சாவி:

தீனி: விலங்குப் பட்டியல் முழுதாகக் கையில் இல்லாமல் மொத்தத் தொகை சொல்லக் கூடாது. ஆனால் அளவு புரிய இரண்டு கணக்கு போதும்.

பறவைக்குச் சராசரி 30 கிராம் தானியம் என்று எடுங்கள். சின்னதுக்கு 5 கிராம், பெரிய கிளிக்கு அதைவிடப் பல மடங்கு. 2,000 பறவைக்கு 60 கிலோ. அன்றைய எடை அளவில் ஏறக்குறைய 100 கட்டி, அதாவது ஒரு பிகுல். தினமும் ஒரு பிகுல் தானியம், மாதம் 30 மூட்டை. கடலோர ஈரத்தில் மூட்டையைத் தரையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கடலையும் சோளமும் முதலில் கெடும். அந்தப் பூஞ்சண நஞ்சு கிளிகளின் ஈரலைத் தின்னும். பலகை மேல் அடுக்கி, பழைய மூட்டையை முதலில் எடுக்க வேண்டும்.

புலிக்கு நாளைக்கு 6 கிலோ இறைச்சி, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. ஆக வாரம் 36 கிலோ, ஏறக்குறைய 60 கட்டி. இதில்தான் பல தனியார் தோட்டங்கள் தவறின. எலும்பு நீக்கிய சதையை மட்டும் போட்டால் விலங்கு பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும், எலும்பு கெட்டிருக்கும். சதையில் சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் 15 முதல் 20 பங்கு. விலங்குக்கு வேண்டியது ஏறக்குறைய சரிசமம். குறையை ஈடுகட்ட உடம்பு சொந்த எலும்பிலிருந்தே உருவும். குட்டிகளுக்குக் கால் வளையும், குதித்தால் முறியும். எலும்போடு சேர்ந்த கோழி, ஆட்டுத் துண்டு போட்டால் இந்தத் தொல்லை வராது. பழைய படங்களில் புலிக்குட்டியின் முன்னங்கால் வளைந்திருந்தால் அது இனத்தின் தோற்றம் அல்ல, தீனியின் குறை.

கடலோரக் கூண்டுக்கு இன்னொரு செலவு துரு. உப்புக் காற்றில் கம்பி தரையைத் தொடும் இடத்தில்தான் முதலில் அரிக்கும், அங்கேதான் மூத்திரமும் கழுவும் தண்ணீரும் நிற்கும். மேலே பளபளவென்று இருக்கும் கம்பி அடியில் பென்சில் அளவு ஆகியிருக்கும். அன்று துருவுக்குப் பூசியது சிவப்பு ஈய வர்ணம். கம்பியைக் கடிக்கும் கிளிக்கும் குரங்குக்கும் அது நஞ்சு.

பினாங்கு_கரை:

சட்டம்: தீபகற்பத்தில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எண் 716. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. விலங்குத் தோட்டம் நடத்த வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி கட்டாயம். 2012 விதிமுறைகள் தோட்டம் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதைச் சொல்கின்றன. புலி முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் அமைச்சரின் சிறப்பு அனுமதி தேவை. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள், அதையும் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். ஆகவே சிராங்கூன் சாலையில் அவர் செய்ததுபோல் வீட்டு வளாகத்தில் புலி வைக்க அந்த அனுமதி இல்லாமல் இன்று வழியில்லை.

பழைய_தாள்:

சகோதரி, கடைசியாக அந்தப் புலிப் படத்தின் கீழ் எழுத வேண்டியது: ‘வி. லா. சோமா பசப்பா (1893–1943), வங்கப் புலி அப்பையுடன்.’ இடத்தையோ ஆண்டையோ உங்களால் நிறுவ முடியாவிட்டால் போடாதீர்கள். இப்போது சுற்றும் பிரதிகளில் சிலர் ‘பொங்கோல், 1942’ என்று சேர்த்துவிட்டார்கள். உங்கள் பேச்சைப் படம் பிடித்து யாராவது பகிர்ந்தால் அந்தப் பிழை இன்னும் நூறு பேரிடம் போகும்.